கால் மட்டும்தான் தெரிஞ்சுது

கொஞ்சம் நவுந்து உக்காருங்ணா. இந்தப் பைய நான் மடியிலயே வெச்சுக்கறேன், உங்களுக்குத் தொந்தரவு இருக்காது. உள்ள பழந்தானுங்க, ஆப்பிளும் சாத்துக்குடியும். மாமனாரு ஊட்டுக்குப் போறேன். வெறுங்கையோட போகக் கூடாதில்லீங்களா.

நீங்க தாராபுரமுங்களா? நான் அதுக்கு முன்னாடியே எறங்கிக்குவேன். கொளுஞ்சிக்காட்டுப் பிரிவு. இந்த பஸ்சு நிக்கும்னாங்க. நிறுத்தலீன்னா நிறுத்த வெப்பேன்.

நான் பஸ்ல ஏறி எத்தன வருசமாச்சுன்னு எனக்கே நெனப்பில்ல. ஏறுனதும் அந்தக் கண்டக்டரு "உள்ள போ, உள்ள போ"ன்னு முதுகுல கைய வெச்சுத் தள்றான் பாத்தீங்களா? மின்னயா இருந்தா அந்தக் கைய... செரி உடுங்க. எனக்குக் கோவம் வராதுங்ணா. அது என்ற சுபாவம். எம்ப்ராய்டரி யூனிட்டு சக்திவடிவேலுன்னு திருப்பூர்ல யாரை வேணா கேளுங்க. "தங்கமான மனுசன், அதிர்ந்து பேச மாட்டாரு"ம்பாங்க.

எம்பட பல்லத்தான பாக்கறீங்க? இந்த நாலும் கட்டுனதுங்க. புதுசு. பேசறப்ப கொஞ்சம் காத்து போகும், கண்டுக்காதீங்க. எப்படிப் போச்சுன்னா கேக்கறீங்க? எல்லாம் ஒரு கேமராவால போச்சுங்ணா. ஒரு சின்ன கேமரா. நெகத்தளவுதான் இருக்கும். அது என்ற குடும்பத்தையே பிரிச்சிருச்சு.

எங்கிட்ட ஒரு காரு இருந்துச்சு. இருந்துச்சென்ன, இருக்குது, போலீஸ் ஸ்டேசன்ல வேப்பமரத்தடியில நிக்குது. மஞ்சக் கலரு. ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு. ஃபாரின் பேரு, சொன்னா வாயில நுழையாது. பெங்களூர்ல ஒருத்தன் வெச்சிருந்தத வாங்கிட்டு வந்தேன். ரோட்டோட ரோடா படுத்துக் கெடக்குமுங்க அது. உள்ள உக்காந்தா, பக்கத்துல வர்ற டவுன் பஸ்சோட சக்கரம் நம்ம மூஞ்சிக்கு நேரா சுத்தும். அப்படித் தணிஞ்ச வண்டி. ஆனா மூக்கு மட்டும் நீளம். பானெட்டு எங்க முடியுதுன்னு ஓட்டறவனுக்குத் தெரியவே தெரியாது. பம்பருக்கு அடியில கருப்பா ஒரு தகடு வரும், உதடாட்ட. லிப்புன்னே அதுக்குப் பேரு. தரைக்கும் அதுக்கும் கைய நொழைக்கற எடந்தான் இருக்கும். அது எதுலயாவது உரசுச்சுன்னா, என்ற ஒதட்டயே கல்லுல வெச்சுத் தேச்சாப்ல இருக்கும் எனக்கு.

வேகத்தடையக் கண்டா வண்டிய நிறுத்திருவேன். நேரா ஏத்த முடியாது. கோணலா, ஒரு சக்கரம் ஒரு சக்கரமா, பாம்பாட்டம் ஏத்தி எறக்கோணும். பின்னாடி வர்றவனுக்கு அது புரியுதுங்களா? ஆரன் அடிப்பான். ஒருத்தன் அப்படித்தான் விடாம அடிச்சான். எறங்கிப் போயி அவன் வண்டிச் சாவியப் புடுங்கிச் சாக்கடையில வீசிட்டு வந்தேன். அடிக்கல பாருங்க. சாவியத்தான் வீசினேன். அதான் சொல்றனே, எனக்குக் கோவம் வராது.

ஒரு கல்யாண மண்டபத்துல என்னாச்சு, கேளுங்க. வாட்ச்மேன் ஒரு பெரியவரு. "வரட்டும், வரட்டும், இன்னும் வரட்டும்"ன்னு கைய ஆட்டிக்கிட்டே பின்னாடி போறாரு. நானும் அவர நம்பிப் போறேன். அங்க சக்கரம் முட்டி நிக்கறதுக்குன்னு தரையில ஒரு சிமிட்டித் திண்டு கட்டி வெச்சிருக்கறான். மத்த வண்டிக்கெல்லாம் அது சக்கரத்துலதான் படும். என்ற வண்டிக்கு ஒதட்டுல பட்டுச்சு. கர்ர்ருன்னு ஒரு சத்தம். எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப் போச்சு. எறங்கி, ஒரே ஒரு அறை. ஒண்ணுதான். பெரியவரு சுருண்டு செவுத்தோட போயி உக்காந்துட்டாரு. கல்யாணத்துக்கு வந்தவங்கெல்லாம் ஓடி வந்து என்னயப் புடிச்சுக்கிட்டாங்க, என்னமோ நான் கொலை பண்ணிட்ட மாதிரி. அந்தக் காது இப்பக் கேக்கறதில்லையாம் அவருக்கு. வயசானா காது கேக்குமுங்களா? நீங்களே சொல்லுங்க.

அதுக்கப்புறம் வெளியாளு யாரையும் நம்பறதில்லைன்னு வெச்சுட்டேன். ஊட்டுல நிறுத்தறப்ப என்ற சம்சாரந்தான் நின்னு பாப்பா. கோகிலவாணி அவ பேரு. கோகிலான்னு கூப்புடுவோம். நல்ல பொண்ணுங்ணா. குத்தஞ் சொல்ல முடியாது. எங்க ஊட்டு போர்ட்டிகோ கேட்டுக்கு உள்ள கொஞ்சம் மேடா ஏறி, நேரா போயி ஒரு செவுத்துல முடியும். செவுத்துல ஒரு தண்ணிக் கொழா. நான் ஆரன் அடிச்சா அவ அடுப்ப அணைச்சுட்டு ஓடி வந்து செவுத்தோரம் நின்னுக்குவா. கையக் காட்டுவா. நான் அவ கையப் பாத்து நவுத்துவேன்.

கையக் காட்டறதுல என்ன கஷ்டம் இருக்குதுங்ணா? ஆனா அவளுக்கு அது வரலே. பயந்து பயந்து காட்டுவா. "வா"ங்கறாளா "நில்லு"ங்கறாளான்னே தெரியாது. "வெரல விரிச்சுக் காட்டு புள்ள"ன்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பேன்! ஒருக்கா கொழாயில பட்டு பம்பர்ல லேசா கீறல் உழுந்துருச்சு. கண்ணுக்கே தெரியாத கீறலுதான். இருந்தாலும் தப்பு தப்புத்தான. ஒரு தட்டுத் தட்டினேன். அவ உள்ள போயி மறுக்கா அடுப்பப் பத்த வெச்சா.

அப்புறம் அந்த முட்டி விசயம் நடந்துச்சு.

மழ தூறிட்டு இருந்துச்சு அன்னைக்கு. அவ செவுத்தோரம் நிக்கறா. நான் நவுத்தறேன். அவ ரெண்டு கையையும் மேல தூக்கினா. எனக்கென்னமோ அது இன்னும் வரச் சொல்றாப்லதான் தெரிஞ்சுது. வைப்பரு வேற போயிட்டு வந்துட்டு இருக்குது. இன்னுங் கொஞ்சம் நவுத்தினேன். அவ பானெட்டு மேல குப்புற உழுந்தா. பாத்தா, முட்டி பம்பருக்கும் கொழாய்க்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. கத்தலீங்ணா அவ. கத்தியிருந்தாத்தான் எனக்குத் தெரிஞ்சிருக்குமில்ல? வாயத் தொறந்துட்டு என்னயவே பாத்துட்டு இருந்தா. நான் மொதல்ல பம்பருக்கு என்னாச்சோன்னுதான்... அந்த நேரத்துக்கு யாருக்கும் அதுதான தோணும்.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா "எப்படிம்மா ஆச்சு"ன்னு கேட்டாங்க. நான் பக்கத்துலயேதான் நிக்கறேன். கோகிலா சொல்றா, "பாத்ரூம்ல வழுக்கிருச்சுங்க டாக்டர்." நான் சொல்லிக் குடுக்கவே இல்ல, சாமி சத்தியமா. அவளாத்தான் சொன்னா. அத்தன நல்லவ. டாக்டரம்மா என்னய ஒரு மாதிரி பாத்துட்டு மாவுக்கட்டுப் போட்டு உட்டாங்க. கையில ஒரு அலுமினியக் குச்சியும் குடுத்தாங்க, ஊணி நடக்க.

இப்ப யோசிங்க. அவளால நிக்க முடியாது. அப்ப எனக்கு வண்டிய யாரு பாத்து உடுவா? அதுக்குத்தான் கேமரா வெக்கறதுன்னு முடிவு பண்ணினேன். அவளுக்காக வெச்சதுங்ணா அது! இதை யாரு கேக்கறாங்க? கோர்ட்டுல கேட்டாங்களா? பேப்பர்ல போட்டானா? "பொண்டாட்டி கஷ்டப்படக் கூடாதுன்னு கேமரா வெச்ச மனுசன்"னு ஒரு வார்த்த எவனாவது எழுதுனானா?

கோயம்புத்தூர்ல ஒரு கடை. காருக்கு மியூசிக் சிஸ்டம், சீட்டு கவரு எல்லாம் போடறவங்க. மெல்வின்னு ஒரு பையன், பையனென்ன, முப்பது வயசு ஆளு, நல்லாப் பனமரமாட்ட இருப்பான். "பின்னாடி கேமராதான் எல்லாரும் போடுவாங்க சார். உங்க வண்டிக்கு முன்னாடியும் வேணும், கரெக்ட்டு"ன்னான். பட்டன அமுத்தினா உள்ள ஸ்கிரீன்ல முன்னாடி இருக்கறது தெரியும். பச்சைக் கோடு, மஞ்சக் கோடு, செவப்புக் கோடு. பக்கத்துல எதாவது வந்தா கீகீன்னு கத்தும். எனக்குப் புடிச்சுப் போச்சு. போடுடான்னேன்.

பம்பரக் கழட்டிக் கீழ வெச்சான். அதையே என்னால பாக்க முடியல. ஆஸ்பத்திரியில ஆளப் படுக்க வெச்சிருக்கறாப்ல இருந்துச்சு. வெளிய போயி டீ குடிச்சுட்டு வந்து பாக்கறேன், துளை போடற மிஷினக் கையில வெச்சுக்கிட்டு என்ற பம்பர்ல ஓட்டை போட்டுட்டு இருக்கறான்!

"டேய், யாரக் கேட்டுடா ஓட்டை போட்ட?"

"ஓட்டை போடாம கேமரா எப்படி சார் வெக்கறது? ஒட்ட வெச்சா ரெண்டு நாளுல உழுந்துரும்."

"கேக்க மாட்டியாடா?"

"கேட்டேனே சார். போடுடான்னு நீங்கதான சொன்னீங்க."

எதுத்துப் பேசறான் பாருங்க. சட்டையப் புடிச்சுட்டேன். அவன் கையில மிஷின் ஓடிட்டே இருக்குது. இழுத்த இழுப்புல அது என்ற கையில ஏறிருச்சு. இங்க பாருங்க, முழங்கைக்குக் கீழ. சதைய அப்படியே சுருட்டிட்டுப் போயிருச்சு. ரத்தம் தரையெல்லாம். நான் வலியில பக்கத்துல கெடந்த ஜாக்கிக் கம்பிய எடுத்து வீசினேன். அவன் தோள்ல பட்டுச்சு. அப்பறம் அவன் ஒண்ணு குடுத்தான் பாருங்க, நெஞ்சுல. பொட்டுன்னு உக்காந்துட்டேன். மூச்சே வரல. கடையில இருந்த இன்னும் ரெண்டு பேரு வந்து என்னயச் செவுத்தோட வெச்சு அமுத்திக்கிட்டாங்க. நான் உட்டுட்டேன். வேணும்னு உட்டதுதான். பம்பரு கீழ கெடக்குது, சண்டைய வளத்துனா அதத்தான மிதிப்பானுக?

ஒண்ணு சொல்லோணும், வேலைய முடிச்சுத்தான் அனுப்பினான். கையில துணியச் சுத்திக்கிட்டு நான் ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். அவன் தோள நீவிக்கிட்டே ஒயரு இழுத்தான். கடைசியா ஸ்கிரீனப் போட்டுக் காட்டிட்டுச் சொல்றான், "இதுல பாக்கறது எல்லாம் இருக்கறத உடத் தள்ளித் தெரியும். சின்னதாத் தெரியும். அத நம்பி ஓட்டாதீங்க. கண்ணாலயும் பாருங்க." எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லல அவன். ஸ்கிரீனப் பாத்துத்தான் சொன்னான். எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லாதது எனக்குச் சொன்னதாகுமுங்களா? எங்க வக்கீலு கிட்ட இதச் சொன்னேன். அவரு கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டுக் கண்ணத் தேச்சுக்கிட்டாரு.

திரும்பி வர்றப்ப எத்தன சந்தோசம் தெரியுங்களா எனக்கு! கை வலிச்சாலும் சந்தோசம். சிக்னல்ல நிக்கறப்ப எல்லாம் பட்டன அமுத்திப் பாப்பேன். முன்னாடி நிக்கற ஸ்கூட்டியோட நெம்பரு பிளேட்டு, நாயி, காலுக பூராவும் ஸ்கிரீன்ல சின்னச் சின்னதா. ஊட்டுக்குப் போனதும் கோகிலாவக் கூப்புட்டுப் பக்கத்து சீட்டுல உக்கார வெச்சுக் காட்டோணும், "இனி நீ வந்து நிக்கவே வேண்டாம் புள்ள"ன்னு சொல்லோணும்னு நெனச்சுட்டே வந்தேன்.

வந்தா, கேட்டுக்குப் பக்கத்துல ரோட்டோரமா ஒரு மினி டெம்போ நிக்குது. தேங்கா ஏத்தற டெம்போ. என்ற மச்சான் தரணியோடது. தரணீதரன், கோகிலாவுக்கு நேரு எளையவன். தென்னந்தோப்புல தேங்கா எடுத்து வண்டியில போட்டு ஊரு ஊரா ஓட்டறவன். நல்ல பையந்தான். ஆனா சொல்லாமக் கொள்ளாம வர்ற பழக்கம் இருக்குது பாருங்க, அது எனக்குப் புடிக்காது. போர்ட்டிகோவுல பாத்தா ரெண்டு சூட்கேஸு, ஒரு கட்டப்பை. கோகிலா குச்சிய ஊணிட்டுப் படியில நிக்கறா. பொறந்த ஊட்டுக்குப் போறாளாம். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.

பட்டப்பகலு. தெருவுல ஆளு போயிட்டு வந்துட்டு இருக்குது. நான் ஆரன் அடிச்சு கேட்டுக்குள்ள வண்டிய ஏத்தினேன். தரணி பைய வெச்சுட்டு நேரா வண்டிக்கு முன்னாடி வந்து நின்னான். ரெண்டு கையையும் பானெட்டு மேல வெச்சான். தேங்கா உரிச்ச கை! மஞ்சப் பெயிண்டு மேல!

"மாமா, வண்டிய ஆஃப் பண்ணிட்டு எறங்குங்க. பேசோணும்."

நான் கண்ணாடிய எறக்கி, "கைய எடுடா"ன்னேன்.

"அக்காவக் கூட்டிட்டுப் போறேன் மாமா. முட்டி செரியாகற வரைக்கும் அங்க இருக்கட்டும். சண்டையெல்லாம் வேண்டாம்."

"கைய எடுடான்னு சொன்னேன்."

"எடுக்கறேன் மாமா. மொதல்ல நீங்க எறங்குங்க."

எறங்கியிருக்கலாந்தான். ஆனா ஊட்டுக்காரன் நான். அவன் சொல்லி நான் எறங்கறதா? நான் பட்டன அமுத்தினேன். கேமரா இருக்கறதே அதுக்குத்தான? முன்னாடி ஆளு நிக்குது, எத்தன தூரத்துல நிக்குதுன்னு பாக்கறதுக்குத்தான? நான் பாத்தேன். நான் பாக்காம ஓட்டினேன்னு எவனும் சொல்ல முடியாது. ஸ்கிரீன்ல அவன் ரெண்டு காலு தெரிஞ்சுது. முழங்காலுக்குக் கீழ, ரப்பர் செருப்போட, தம்மாத்தூண்டு. தூரமாத் தெரிஞ்சுது. கால் மட்டும்தான் தெரிஞ்சுது. மூஞ்சி தெரியல. மூஞ்சி தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேங்ணா.

முன் கண்ணாடியில தெரியலயான்னா? தெரிஞ்சிருக்கும். நான் ஸ்கிரீனத்தான பாத்துட்டு இருந்தேன்.

பிரேக்குல இருந்து கால எடுத்தேன். அவ்வளவுதான் நான் பண்ணினது. ஆட்டோமேட்டிக் வண்டி, கால எடுத்தா அதுவா நவுரும். கொஞ்சம் நவுந்தா அவனா வெலகிக்குவான்னு நெனச்சேன். அவன் வெலகல. கைய பானெட்டுல ஊணித் தள்ளிக்கிட்டே பின்னாடி பின்னாடி போறான், என்னமோ காளையத் தள்றவனாட்டம். "மாமா, மாமா"ங்கறான். பச்சைக் கோட்டத் தாண்டுச்சு. மஞ்சக் கோடு. கீகீன்னு கத்துது. அந்தச் சத்தம் இருக்குது பாருங்க, மனுசன யோசிக்க உடாது. செவப்புக் கோட்டுக்கு அவன் காலு வந்துச்சு. நான் ஆக்சிலேட்டரத் தொடவே இல்ல. தொட்டிருந்தாலும் லேசாத்தான் தொட்டிருப்பேன்.

மொதல்ல வெறகு ஒடிக்கறாப்ல ஒரு சத்தம். அப்பறம் கொழா ஒடைஞ்சு தண்ணி பீச்சி அடிச்சுது. ஸ்கிரீன் பூராத் தண்ணி. அப்பறம் அந்தத் தண்ணி செவந்துச்சு. நான் ஸ்கிரீனயே பாத்துட்டு உக்காந்திருக்கறேன். கேமரா கெட்டுப் போச்சாட்ட இருக்குதுன்னுதான் நெனச்சேன்.

அவன் கத்தின கத்து இருக்குதே, கேட்டவங்க ஒரு தெரு தள்ளி இருந்து ஓடி வந்தாங்கன்னு சொல்றாங்க. எனக்கு அந்தக் கீகீ சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

கோகிலாதான் மொதல்ல வந்தா. அந்த அலுமினியக் குச்சியத் திருப்பிப் புடிச்சு எம் பக்கத்துக் கண்ணாடியில அடிச்சா. பாதி எறங்கின கண்ணாடி. ரெண்டாவது அடியில தூள் தூளா எம் மடியில கொட்டுச்சு. மூணாவது அடி எம் வாயில. நாலு பல்லுன்னு சொன்னேனே, அதுல ரெண்டு அவ கணக்கு. பத்து வருசத்துல என்னய எதுத்து ஒரு வார்த்த பேசாதவ! "ரிவர்ஸ் போடு! ரிவர்ஸ் போடுடா!"ங்கறா. புருசன "டா"ங்கறா, தெருவே கேக்குது. எனக்கு வாயெல்லாம் ரத்தம், எது ரிவர்ஸுன்னே தெரியல.

அதுக்குள்ள எதுத்த ஊட்டு லேத்துக்காரரு பழனியப்பன் கதவத் தொறந்து என்ற தலமுடியப் புடிச்சு வெளிய இழுத்தாரு. கீழ போட்டு மிதிச்சாரு. அவரு மட்டுமா? தெருவுல போறவன், காயி விக்கறவன், யாருன்னே தெரியாதவனெல்லாம் மிதிச்சானுக. நான் யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? பேச்சு வரல, வந்திருந்தா கேட்டிருப்பேன்.

வண்டி ஓடிட்டே இருக்குது. இன்னும் செவுத்தப் பாத்துத் தள்ளிட்டே இருக்குது. நாலு பேரு முன்னாடி கைய வெச்சுத் தள்றாங்க, அது அசையல. அப்பத்தான் பாத்தேன். கீழ கெடந்து, காலுகளுக்கு நடுவுல பாத்தேன். கோகிலா அந்த சீட்டுல ஏறி உக்காந்தா. ஒடஞ்ச கண்ணாடி மேலயே உக்காந்தா. மாவுக்கட்டுப் போட்ட காலக் கையால தூக்கி உள்ள போட்டா. என்ற சீட்டு அது. அதுல அவ ஒரு நாளும் உக்காந்ததில்ல. நான் உக்கார உட்டதில்ல. கியர் கம்பியப் புடிச்சு ரிவர்ஸு போட்டா. தலயத் திருப்பிப் பின்னாடி பாத்தா. மெதுவா, ஒரு குலுக்கல் இல்லாம, ரெண்டு கேட்டுத் தூணுக்கும் நடுவுல நூலு புடிச்சாப்ல வண்டியப் பின்னாடி எடுத்தா. ஒரு உரசல் இல்லீங்ணா! அடி வாங்கிட்டு இருக்கறப்பவும் எனக்கு அது அதிசயமா இருந்துச்சு. அவளுக்கு ஓட்டத் தெரியும்னே எனக்குத் தெரியாது. தரணி அவனோட டெம்போவுல கத்துக் குடுத்தானாம், கல்யாணத்துக்கு மின்னாடியே. பத்து வருசமா எங்கிட்டச் சொல்லவே இல்ல பாருங்க. எப்பேர்ப்பட்ட துரோகம்!

தரணி பொழச்சுக்கிட்டான். ஒரு காலு மட்டும் முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. இன்னொண்ணுல கம்பி வெச்சிருக்காங்க. இப்பத்தான் நல்ல நல்ல செயற்கைக் காலு வருதே. மலையே ஏறறாங்களாம் அத மாட்டிக்கிட்டு. டெம்போவ ஆளு போட்டு ஓட்டிக்கலாம். இதையெல்லாம் நான் ஆறுதலாச் சொல்லலாம்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஜாமீன்ல வந்த கையோட. வாசல்லயே தடுத்துட்டாங்க.

என்னய உள்ள வெச்சிருந்தப்ப, அந்தக் கேமராக் கடைக்காரன் மேல ஒரு கம்ப்ளெய்ன்ட்டு குடுக்கோணும்னு சொன்னேன். எஸ்.ஐ. சிரிச்சாரு. அப்பறம் சிரிக்கறத நிறுத்திட்டு என்னயவே பாத்துட்டு இருந்தாரு. நீங்க இப்பப் பாக்கறீங்களே, அதாட்ட.

செரி, விசயத்துக்கு வர்றேன். ஏன் போறேன்னு சொல்லலையே உங்ககிட்ட.

ரூம்ல தனியா உக்காந்து யோசிக்கறப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு. வண்டிய ரிவர்ஸு எடுத்து நிறுத்துனப்ப சீட்டுல இருந்தது யாரு? கோகிலா. அவ எறங்கினதப் பாத்தவங்க எத்தன பேரு! நான் எங்க இருந்தேன்? கீழ கெடந்தேன். மிதி வாங்கிட்டுக் கெடந்தேன். அப்ப ஓட்டினது யாருன்னு கேட்டா, ஓட்டத் தெரிஞ்சவ, சீட்டுல இருந்தவ, அவதான? "நாந்தான் வண்டிய எடுக்கப் பாத்தேன், பழக்கமில்லாத வண்டி, முன்னாடி போயிருச்சு"ன்னு ஒரு வார்த்த அவ கோர்ட்டுல சொன்னாப் போதும். தம்பிய இடிச்ச அக்காவ யாருங்ணா செயில்ல போடுவாங்க? கைப்பிசகுன்னு உட்டுருவாங்க. பொம்பளை வேற. எனக்கும் கேஸு போயிரும், வண்டியும் வெளிய வந்துரும். குடும்பமும் ஒண்ணாகிரும். யாருக்கும் நட்டமில்ல. வக்கீலு கிட்டச் சொன்னேன். "நீங்க அந்த ஊருப் பக்கமே போகக் கூடாது. அவங்கதான் முக்கிய சாட்சி. ஜாமீன் போயிரும்"னு கத்துறாரு. பொண்டாட்டி எப்படீங்ணா சாட்சி ஆவா? பொண்டாட்டி பொண்டாட்டிதான?

நேத்து அவளுக்குப் போன் போட்டேன். எடுத்தா! அத்தன நாளும் எடுக்காதவ எடுத்துட்டா. நான் எல்லாத்தயும் வெவரமாச் சொன்னேன். சீட்டு, ரிவர்ஸு, கைப்பிசகு, எல்லாம். முழுசாக் கேட்டா. அப்பறம் மாமனாரு போன வாங்கிட்டாரு. திட்டுவாருன்னு நெனச்சேன். திட்டவே இல்லீங்ணா. ரொம்ப மெதுவா, "எந்த பஸ்ல வர்றீங்க மாப்ள?"ன்னு கேட்டாரு. எத்தன மரியாதை பாருங்க! மகன் காலு போயிக் கெடக்கறப்பவும் மாப்ளைன்னுதான் கூப்புடறாரு. அந்தக் காலத்து ஆளுக அப்படித்தான்.

வந்துருச்சா? ஆமா, அதா அந்தக் கருவேலங்காடு, இதுதான் பிரிவு. கண்டக்டரு, ஆளு எறங்கோணும்!

அட, ஆளு அனுப்பியிருக்காங்க, பாருங்ணா. அதா, டீக்கடைக்கு முன்னாடி நிக்கறவருதான் மாமனாரு. துண்டத் தலையில உருமாலாக் கட்டியிருக்காரு, வெய்யிலுக்கு. வெய்யிலு எங்கங்கறீங்களா? ஆமா, மப்பாத்தான் இருக்குது. காட்டு வேலைக்கு நடுவுல அப்படியே வந்திருப்பாராட்ட. பக்கத்துல சித்தப்பாரு, அவரு பசங்க, ஒரு அஞ்சாறு பேரு இருப்பாங்க. வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நிக்கறாங்க. எல்லாரும் பஸ்ஸயே பாத்துட்டு நிக்கறாங்க. கையில என்னமோ வெச்சிருக்கறாங்களே. தேங்கா உரிக்கற கம்பியாட்ட இருக்குது. எளநி வெட்டித் தருவாங்க போல. கோகிலா எங்க? அதா, பின்னால, புளியமரத்தடியில நிக்கறா. குச்சியில்லாம நிக்கறா பாருங்க! முட்டி நல்லாயிருச்சு!

வர்றனுங்ணா. பேசிட்டே வந்ததுல நேரம் போனதே தெரியல. ஏனுங்ணா... ஏன் என்ற கையப் புடிக்கறீங்க? பைய உடுங்க, பழம் கீழ கொட்டிரும். உக்காருன்னா எப்படீங்க, என்ற எடம் வந்துருச்சு. கண்டக்டரு, வண்டிய எடுத்துறாதப்பா! கைய உடுங்ணா. எனக்காக நிக்கறாங்க அவங்க. உடுங்கன்னு சொல்றனில்ல!